‘டிக் டிக்’ சத்தமும் ஸ்க்ரூடிரைவரும்

ஆரணிப் பட்டுத் தறியில் துளையிட்ட டிசைன் அட்டை கிழிந்தால் கண்ணுக்குத் தெரியும். அந்த ஒரு அட்டையை மட்டும் மறுபடி துளையிட்டுக் கோத்துவிடலாம். டிசைன்கள் கம்ப்யூட்டருக்குப் போனபின் அந்த வசதி போயிற்று. பல வருடத்துப் பார்டரும் முந்தானையும் உள்ளங்கை அளவு ஹார்டு டிஸ்க்குக்குள் இருக்கின்றன. அது கைதவறி விழுந்தால், விழுந்த அடியைவிட நாம் பார்க்கும் வைத்தியம்தான் பல நேரம் அதிகம் கெடுக்கிறது.

நம்பிக்கை: வெளியே கீறல் இல்லை, ஆகவே சேதமில்லை.
உண்மை: உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. அதைப் படிக்கும் ஹெட், தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. பட்டுப்புழுவின் ஒற்றை இழை சுமார் 10,000 நானோமீட்டர் தடிமன். அதை ஆயிரமாகப் பிளந்தாலும் அந்த இடைவெளிக்குள் நுழையாது. ஆகவே கண்ணை நம்பாமல் காதையும் மூக்கையும் நம்புங்கள். சீராக ‘டிக் டிக்’ என்றால் ஹெட் பழுதாகியிருக்கலாம். சுழலாமல் முனகினால் ஹெட் தட்டில் ஒட்டியிருக்கலாம், மோட்டார் இறுகியிருக்கலாம். சத்தமே இல்லாமல் கருகல் வாடை அடித்தால் சர்க்யூட் போர்டைச் சந்தேகிக்கலாம். எதுவானாலும் உடனே கரண்டை நிறுத்துங்கள். ‘இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம்’ என்று ஓட்டினால், உடைந்த ஹெட் தட்டைச் சுரண்டும். சுரண்டிப் போன காந்தப் பூச்சிலிருந்து எவராலும் எதையும் மீட்க முடியாது.

நம்பிக்கை: திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.
உண்மை: தறிக்கூடத்தில் பறக்கும் ஒரு தூசி போதும், தட்டு கெட. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தூசி வடிகட்டிய அறையில்தான் மூடியைக் கழற்றுவார்கள். ஹெட்டை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், தட்டில் வளையக் கீறல் உண்டா என்று தேடுவார்கள்.

நம்பிக்கை: ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும்.
உண்மை: குளிர்ந்த தட்டில் ஈரம் பூக்கும். அதன்மேல் ஹெட் ஓடினால் இருந்ததும் போகும்.

நம்பிக்கை: அதே மாடல் போர்டை மாற்றினால் போதும்.
உண்மை: இன்றைய டிஸ்க்குகளில், அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டிலுள்ள சிப்பில் பதிந்திருக்கும். அந்தச் சிப்பையும் புதுப் போர்டுக்கு மாற்றிப் பொருத்த வேண்டும். ஒரே மாதிரித் தறிதான் என்பதற்காக வேறு அட்டைக்கட்டை மாட்டினால் நம் பூ விழுமா?

நம்பிக்கை: எரிந்துபோனால் அவ்வளவுதான்.
உண்மை: 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேருடன் கொலம்பியா விண்கலம் சிதறியது. அதிலிருந்து விழுந்த ஒரு டிஸ்க்கின் உறை உருகிக் கருகியிருந்தது. தகவல் இருந்த பகுதி தப்பியிருந்தது. தட்டுகளைச் சுத்தம் செய்து வேறு டிரைவில் பொருத்தி, சுமார் 99 சதவீதத்தை மீட்டார்கள். அந்த டிஸ்க்கில் பதிந்திருந்த ஆய்வின் முடிவு 2008இல் வெளியானது.

வானத்திலிருந்து விழுந்தது பிழைத்தது. மேஜையிலிருந்து விழுந்ததைப் பிழைக்க விடுவது நம் கையில். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.