வைவா வரைக்கும் காத்திருக்காதீர்கள்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. சபைக்கு வர 35 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது அது. அதே ஊரிலிருந்து நில அதிர்வியலில் பிஎச்.டி. முடிக்கப்போகிறவருக்கோ 35 என்பது கதவு சாத்தும் வயது. மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான ஏஎன்ஆர்எஃப் தரும் தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு அதுதான் உச்ச வரம்பு. பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. பலருக்குத் தெரியாத விதி ஒன்று: ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுப் பட்டத்துக்காகக் காத்திருப்பவரும் விண்ணப்பிக்கலாம். பட்டம் கைக்கு வரும்வரை தொகை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வைவா முடியட்டும் என்று சும்மா இருக்கிற மாதங்கள் வீண்.

“நம்ம பக்கம் ஏதுப்பா பூகம்பம்?” என்று வீட்டில் கேட்பார்கள். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் வந்த 5.5 அளவு அதிர்ச்சியில் சென்னையில் ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அடுத்த ஆண்டே நில அதிர்வு அபாய வரைபடத்தில் சென்னை, காஞ்சிபுரம் பகுதி இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றப்பட்டது. தென்னிந்தியாவில் பெரிய அதிர்ச்சிகள் அரிது. அதனாலேயே பதிவுகளும் குறைவு. பதிவு இல்லாத இடத்தில், எந்த மண் எவ்வளவு ஆடும் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். பாறைமேல் நிற்கும் வீடும் ஏரிக்களிமண்மேல் நிற்கும் வீடும் ஒரே அதிர்ச்சியில் ஒரே மாதிரி ஆடாது. மென்மண் அலையைப் பெருக்கிவிடும். பாறையும் ஏரியும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிற உத்திரமேரூர்க்காரருக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. இந்த ஆட்டத்தைக் கணக்கிடுவதுதான் கணினிவழி நில அதிர்வியலின் வேலை.

இந்தத் துறையில் மூன்று வேலைகளுக்கு ஆள் தேடுகிறார்கள். பூமிக்குள் அலை ஓடுவதை சூப்பர் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது ஒன்று. ஸ்பெக்ஃபெம் போன்ற மென்பொருள் தெரிய வேண்டும். ஓர் ஊரில் ஐம்பது ஆண்டுக்குள் எவ்வளவு அதிர்வு வர வாய்ப்பு என்று கணக்கிடுவது இரண்டாவது, அதற்கு ஓப்பன்குவேக். மலைபோல் குவிந்த பதிவுகளிலிருந்து அலை வந்து சேர்ந்த நொடியை எந்திரக் கற்றலால் பிடிப்பது மூன்றாவது. மூன்றையும் அரைகுறையாகக் கற்காதீர்கள். ஒன்றில் ஆழம், மற்ற இரண்டில் பேசுகிற அளவு அறிவு போதும். பைத்தானும் லினக்ஸும் எதற்கும் வேண்டும். என் கருத்தில் இங்கே இன்று ஆள் பற்றாக்குறை இரண்டாவதில்தான், அதிலும் மண்ணியல் அறிந்து கணக்குப் போடுகிறவர்களுக்கு.

கைத்திறனைக் காட்ட ஒரு பயிற்சி சொல்கிறேன். கண்டிக்கு அருகே பல்லேகலையில் ஓர் அதிர்வு நிலையம் உண்டு. அதன் பதிவுகள் யாருக்கும் இலவசம். 2004 டிசம்பர் 26 சுமத்ரா அதிர்ச்சியின் அலைகளை ஆப்ஸ்பை என்ற பைத்தான் நிரல்தொகுப்பு மூலம் இறக்கி, முதன்மை அலையையும் இரண்டாம் நிலை அலையையும் பிரித்துப் பாருங்கள். எழுதிய நிரலை, அடுத்தவர் ஓட்டிப் பார்க்கிற மாதிரி விளக்கத்தோடு கிட்ஹப்பில் போடுங்கள். இதெல்லாம் வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு மடிக்கணினியில் முடியும். சூப்பர் கம்ப்யூட்டர் வேலையைக்கூட ஊரிலிருந்தே அனுப்பலாம். இணைப்பு அறுந்தாலும் கணக்கு அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

போக வேண்டிய இடங்கள்: ஹைதராபாத்தில் என்ஜிஆர்ஐ, காந்திநகரில் நில அதிர்வு ஆய்வு நிறுவனம், அணைக்கட்டு நீரோடு வரும் அதிர்ச்சிகளுக்குக் கொய்னா பக்கத்துக் கராடில் உள்ள ஆழ்துளை ஆய்வகம். கட்டடம் சார்ந்த கேள்வி என்றால் தரமணி எஸ்இஆர்சி, ஐஐடி மெட்ராஸ். வெளியே சிங்கப்பூரின் புவி ஆய்வகம், ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் உள்ள புவி அறிவியல் ஆய்வு மையம், டோக்கியோ நில அதிர்வு ஆய்வு நிறுவனம். ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் உதவித்தொகைக்குப் பட்டம் பெற்று ஆறு ஆண்டுக்குள் போய்விட வேண்டும்.

கடிதம்தான் பாதி வேலை. “ரெஸ்பெக்டட் சார், எனக்கு ஒரு வாய்ப்பு தாருங்கள்” என்று நாற்பது பேராசிரியர்களுக்கு ஒரே மடல் அனுப்பினால் ஒருவரும் பதில் போடமாட்டார். நாலு பேருக்குப் போதும். ஒவ்வொருவருடைய ஒரு கட்டுரையையாவது படித்து, அதில் விடுபட்ட கேள்வி எது, அதை நான் எந்த நிரலால் அணுகுவேன் என்று பத்து வரியில் எழுதுங்கள். கிட்ஹப் முகவரி கீழே. இரண்டு வாரம் பொறுத்து, பணிவாக ஒரு நினைவூட்டல். இங்கிலீஷ் வாக்கியம் இடறினால் வெட்கப்படாதீர்கள். கேள்வி தெளிவாக இருந்தால் படிப்பவர் அதைத்தான் பார்ப்பார்.

அழைத்துப் பேசினால் நீங்களும் கேளுங்கள். கணினி நேரம் மாதத்துக்கு எவ்வளவு கிடைக்கும்? தரவை வெளியிட அனுமதி உண்டா? முதல் ஆசிரியர் பெயர் யாருடையது? முன்பு அங்கே போஸ்ட்டாக் செய்தவர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்? அவரிடம் ஒருமுறை பேசிவிட்டு ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்.