முதல் மனை வாங்கப் போகிறீர்களா?

புரோக்கர் காட்டும் வண்ண வரைபடத்தை ஓரமாக வையுங்கள். முதலில் சர்வே எண்ணைக் கேளுங்கள். தரத் தயங்குகிறாரா? அந்த இடமே வேண்டாம்.

எண் கையில் இருந்தால் பாதி வேலையை வீட்டிலிருந்தே முடிக்கலாம். தமிழகப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகப் பார்க்கலாம். 13 வருடம் போதும் என்பார்கள், குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, பத்திரத்தில் உள்ள பரப்பும் பட்டாவில் உள்ள பரப்பும் ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள். அரை சென்ட் குறைந்தாலும் 218 சதுர அடி போச்சு!

வில்லங்கத்தில் எல்லாமே தெரிந்துவிடாது. பதிவாகாத உயில், கோர்ட் வழக்கு, பங்கு கேட்கக் காத்திருக்கும் வாரிசு எதுவும் அதில் வராது. அதனால் மூலப் பத்திரங்களின் அசலை உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள், விற்பவரின் வக்கீலிடம் அல்ல. பவர் பத்திரத்தின் பேரில் விற்கிறார்களென்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் செல்லாது.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பேச்சில் மயங்காதீர்கள். டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அனுமதி எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.

பட்ஜெட் போடும்போது முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் இரண்டுக்கும் சேர்த்து 9 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள். அட்வான்ஸைக் காசோலையாகவே கொடுங்கள். மழை பெய்த மறுநாள் ஒரு நடை போய் மனையைப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள்.