கணினிக்குக் காவலர் தேவை

மாணவர்களே! திருவிடந்தைக்கு அருகே சிறுசேரியில் கணினி நிறுவனங்கள் பல உள்ளன. அங்குள்ள கணினிகளுக்கும் காவல் வேண்டும். காவல் தளர்ந்தால் என்ன ஆகும்? 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் அலுவலகக் கணினி ஒன்றில் தீங்கு செய்யும் நிரல் புகுந்தது. உலையை இயக்கும் கணினிகள் தனி இணைப்பில் இருந்ததால் தப்பின.

இக்காவலுக்கு ஆட்கள் தேவை. வேலை தேடுவோரும் பலர். ஆயினும் இடங்கள் எளிதில் நிரம்புவதில்லை. ஏன்? நிறுவனங்கள் அனுபவம் கேட்கின்றன. வேலையே கிடைக்காதவருக்கு அனுபவம் ஏது?

வழி உண்டு. லினக்ஸ், நிரல் எழுதுதல், கணினிகள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளும் முறை ஆகியவற்றை இப்போதே கற்கலாம். சொந்தக் கணினியில் சோதித்து, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். நேர்காணலில் அதுவே உங்கள் சான்று. பிறர் கணினியில் அனுமதியின்றி மோசடியாக நுழைந்தால், 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை!