ஒரு டன் ஸ்டீமின் விலை

அன்புள்ள அம்மணி,

திருப்பூர் சாயப்பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்ததும் நீ கேட்ட முதல் கேள்வியே என்னைச் சந்தோஷப்படுத்தியது. "நிலக்கரி பாய்லரை எடுத்துவிட்டு கரண்டிலேயே ஸ்டீம் போட்டால் என்ன மாமா?" என்று எழுதியிருந்தாய். கரண்ட் செலவு கட்டுப்படியாகாது என்று அங்கே ஒரே வரியில் முடித்துவிட்டார்களாம். எவ்வளவு கட்டுப்படியாகாது, எந்த வேலைக்குக் கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் அதை ஒப்புக்கொள்ளாதே.

கிலோ என்ன விலை, யூனிட் என்ன விலை என்று பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. இரண்டையும் கிலோ கலோரிக்குக் கொண்டுவா. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி. இது எங்கும் மாறாது. நிலக்கரி லோடுக்கு லோடு மாறும். இறக்குமதிச் சரக்கு கிலோவுக்கு 5,000 கிலோ கலோரி என்று வைத்துக்கொள். பாய்லர் திறன் 75 சதவீதம் என்றால் ஸ்டீமில் சேர்வது 3,750.

30 டிகிரித் தண்ணீரை ஒரு டன் ஸ்டீமாக்க ஏறக்குறைய 6,30,000 கிலோ கலோரி வேண்டும். அதற்கு நிலக்கரி 168 கிலோ. கிலோ 8 ரூபாய் என்று போட்டால் சுமார் 1,350 ரூபாய். மின்சார பாய்லரில் வீணாவது மிகக் குறைவு, இருந்தும் 750 யூனிட் இழுக்கும். யூனிட் 7.50 ரூபாய் என்றால் 5,600 ரூபாயைத் தாண்டும். நான்கு மடங்கு! உச்சத் தேவைக்கு மாதாமாதம் தனியாகக் கட்டும் டிமாண்ட் சார்ஜ் இதில் சேரவில்லை.

இத்தனை வித்தியாசம் ஏன் என்று கேட்பாய். மேட்டூர் அனல்மின் நிலையத்திலும் நிலக்கரிதான் எரிகிறது. அதன் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாக வெளியே வருகிறது. அந்த மின்சாரத்தை மறுபடியும் வெறும் சூடாக்கினால் செலவு மட்டுமல்ல, புகையும் கூடும்; அது மேட்டூரில் போகும், அவ்வளவுதான்.

ஆனால் கணக்கு இதோடு முடியவில்லை. பருத்தித் துணிக்கான ரியாக்டிவ் சாயம் பெரும்பாலும் 60 டிகிரியில் ஏறுகிறது. பாலியஸ்டருக்குத்தான் 130 டிகிரி வேண்டும். 60 டிகிரித் தண்ணீருக்காக 170 டிகிரி ஸ்டீம் தயாரித்து, குழாய் வழியெல்லாம் சூட்டை விட்டுக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த வேலைக்கு ஹீட் பம்ப் இருக்கிறது. அது சூட்டை உண்டாக்குவதில்லை, காற்றிலோ கழிவு நீரிலோ இருப்பதை எடுத்து ஏற்றித் தருகிறது. ஒரு யூனிட்டுக்கு மூன்று பங்கு சூடு கிடைத்தால் ஒரு லட்சம் கிலோ கலோரிக்குச் செலவு 290 ரூபாய். நிலக்கரியில் பாய்லர் வாசலில் 213. குழாயில் போகும் இழப்பையும் பாய்லர் ஆட்களின் சம்பளத்தையும் சாம்பல் அள்ளும் கூலியையும் சேர்த்துப் பார், இடைவெளி எவ்வளவு சுருங்குகிறது என்று.

சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றை நினைத்தால் இன்னொரு கணக்கும் வருகிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் தொழில் நடத்த வேண்டிய நிலை திருப்பூருக்கு வந்தது. கழிவைச் சுத்திகரித்தபின் கடைசியில் மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சித்தான் ஆகவேண்டும். நான்கு அடுக்கு ஆவியாக்கியில் ஒரு டன் நீரை ஆவியாக்க 280 கிலோ ஸ்டீம் என்று வைத்தால் 380 ரூபாய். வெளிவரும் ஆவியையே மின்சாரத்தால் அழுத்தி மறுபடி சூடாக்கும் எந்திரத்துக்கு 40 யூனிட் என்று போட்டால் 300 ரூபாய். இங்கே கரண்ட் ஜெயிக்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் சொந்தக் காற்றாலை வைத்திருப்பவர்களுக்கு ஆடிக் காற்றில் இன்னும் மிச்சமாகும். முதலீடு பெரிது என்பதை மறைக்க மாட்டேன். அதனால்தான் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதையும் சேர்த்துக் கேள்.

அதற்கு முன்னால் கையில் இருக்கும் பாய்லரைப் பார். ஆறிய சாம்பலை ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார். கறுப்புப் பொடி ஒட்டினால் அது எரியாத நிலக்கரி, காசு கொடுத்து வாங்கியது சாம்பல் லாரியில் போகிறது. ஸ்டீம் ஆறி வரும் கண்டன்சேட் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறதா, பாய்லருக்குத் திரும்புகிறதா என்றும் பார். பாய்லருக்குள் போகும் தண்ணீரின் சூடு 6 டிகிரி ஏறினால் எரிபொருள் ஒரு சதவீதம் மிச்சம். 30 டிகிரித் தண்ணீருக்குப் பதில் 90 டிகிரித் தண்ணீர் போனால் பத்து சதவீதம்.

என் விலைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. உங்கள் கடைசி நிலக்கரி பில், ஈபி பில், ஒரு நாள் ஸ்டீம் மீட்டர் ரீடிங் மூன்றையும் வாங்கி, இதே கணக்கை நீயே போட்டு எனக்கு எழுது. பாலியஸ்டருக்குத் தனி, பருத்திக்குத் தனி.

அன்புடன்,
உன் மாமா