சீனத் தாத்தாவின் இனிஷியல்



போன வருஷம் ஊட்டி டூர் போனோம் இல்லையா? கூடலூர் ரோட்டில் நடுவட்டத்தில் ஒரு பழைய ஜெயில் பார்த்தோம். 1860களில் அங்கே இருந்த கைதிகளில் சீனர்களும் உண்டு என்று சார் சொன்னபோது, நான் நம்பவில்லை. உண்மைதானாம். சிங்கப்பூர், பினாங்கு பக்கத்து ஜெயில்களில் இடம் போதாமல் அவர்களை மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பினார்கள். மலேரியாவுக்கு மருந்து தரும் சின்கோனா மரத் தோட்டத்தில் வேலை வாங்கினார்கள்.

பிறகு சிலர் ஊர் திரும்பவில்லை. மலைச்சரிவில் காய்கறியும் காப்பியும் போட்டு, தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்கள். எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் 1909இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பிள்ளைகளின் நிறத்தைக் குறித்து, முக அளவெல்லாம் எடுத்திருக்கிறார்! அளவை வைத்துத் தாத்தாவைத் தேட முடியுமா? பெயர் அல்லவா வேண்டும்.

அந்தக் குடும்பத்துக் கொள்ளுப்பேரன் இன்று தேடினால் எங்கே போவான்? பிறப்பு இறப்புப் பதிவேட்டுக்குத்தான். ஆனால் அதற்கான மதராஸ் மாகாணச் சட்டம் 1899இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களுக்குச் சர்ச் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பார்க்கலாம். ஏனென்றால் தர்ஸ்டன் பார்த்த ஒரு சீனர் கிறிஸ்தவர் ஆனவர். அதற்காகத் தன் சடையை வெட்டவேண்டி வந்ததே என்றுதான் அவருக்கு வருத்தமாம், பாவம்!

இன்னொரு சிக்கல் இருக்கிறது. சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும், பரம்பரைக்கும் அதே பெயர்தான். நமக்கோ அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும். உதாரணமாக (இது என் கற்பனை) தாத்தா லிம், மகன் லி. ஜோசப், பேரன் ஜோ. ராஜன். ரெண்டே தலைமுறையில் சீனப் பெயர் காணோம்! அதனால் மேலிருந்து தேடக் கூடாது. தன் சான்றிதழில் உள்ள அப்பாவின் முழுப் பெயரை எடுத்து, அப்பாவின் பதிவைத் தேடி, அதில் தாத்தா பெயரைப் பார்த்து, படிப்படியாகப் பின்னால் போகவேண்டும்.

இதை எங்கள் வீட்டிலேயே செய்து பார்த்தேன். ரெண்டாவது படியிலேயே மாட்டிக்கொண்டேன். அப்பா வீட்டில் பிறந்தவர், பதியவே இல்லை. தாத்தா பெயர் இறப்புச் சான்றிதழில் பெரியசாமி, பழைய பட்டாவில் பெரியண்ணன். 1997க்கு முந்தின தாள் என்பதால் மாவட்டம் சேலம் என்று வேறு இருக்கிறது. அண்ணனுக்கு ஜாதிச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, "ரெண்டு பேரும் ஒரே ஆள்தானா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அப்பாயி சிரித்தார். "ரெண்டும் அவருதான் கண்ணு. ஊருக்குள்ள பெரியண்ணன்னுதான் கூப்புடுவாங்க."

இதைச் சொல்ல இப்போது அப்பாயி ஒருவர்தான் இருக்கிறார். அன்று ராத்திரியே நோட்டு எடுத்து உட்கார்ந்தேன். அவர் அப்பா பெயர், அம்மா பெயர், தாத்தா பெயர் எல்லாம் சொன்னார். பாட்டி பெயரைக் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார்.

"கெழவின்னுதான் கூப்புடுவோம்" என்றார்.