மருந்தும் கதிரும் இணைந்தால்

உடலின் ஓர் உறுப்பில் தோன்றும் புற்றுநோய் எப்போதும் அங்கேயே தங்கிவிடுவதில்லை. நோயுற்ற உயிரணுக்களில் சில, இரத்தத்தின் வழியாகச் சென்று வேறு உறுப்புகளிலும் வளரத் தொடங்குகின்றன. நுரையீரல், மார்பகம், சிறுநீரகம், தோல் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய் மூளைக்கும் பரவக்கூடும். ‘மூளைக்குப் பரவிவிட்டது’ என்று கேட்டதும், இனி ஒன்றும் செய்ய இயலாது எனப் பல குடும்பங்கள் மனம் தளர்ந்துவிடுகின்றன. அந்த எண்ணம் இன்று எல்லாருக்கும் பொருந்தாது.

மூளைக்கு இயற்கை ஓர் அரணை அமைத்துள்ளது. இரத்தத்தில் உள்ள தீய பொருள்கள் மூளைக்குள் நுழையாதபடி, அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. நம்மைக் காக்கும் இவ்வரணே புற்றுநோய் மருந்துகள் பலவற்றையும் தடுத்துவிடுகிறது. ஆகவே, முன்பு மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுப்பதே வழக்கமாக இருந்தது. அதனால் நோயாளிகள் சிலரின் நினைவாற்றல் குன்றியது.

இதற்கு மாற்றாக வளர்ந்ததே குறியிலக்குக் கதிர்வீச்சு. சுவீடன் நாட்டு மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல், 1951ஆம் ஆண்டில் இக்கருத்தை முன்வைத்தார். பல திசைகளிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் கட்டி இருக்கும் புள்ளியில் ஒன்றுசேர்கின்றன. தனித்தனியே அவற்றின் வலிமை குறைவு; சேரும் இடத்திலோ வலிமை மிகுதி. அதனால் கட்டி அழிகிறது. சுற்றியுள்ள மூளைத் திசு பெரும்பாலும் காக்கப்படுகிறது.

எனினும், எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் கட்டிகளை மட்டுமே இக்கதிர் தாக்கும். கண்ணுக்குப் புலப்படாமல் உடலில் ஒளிந்திருக்கும் உயிரணுக்களை அழிக்க மருந்து தேவை. இங்கு இரு வகை மருந்துகள் குறிப்பிடத்தக்கவை. நுரையீரல் புற்றுநோய் சிலருக்குக் குறிப்பிட்ட மரபணு மாற்றத்தால் ஏற்படுகிறது. அவர்களுக்குத் தரப்படும் ஓசிமெர்டினிப் எனும் மாத்திரை, மூளையின் அரணையும் கடந்து செல்லும். மற்றொரு வகை, நம் நோய் எதிர்ப்பு உயிரணுக்களைத் தடுத்து நிறுத்தும் ‘பிரேக்கை’ விடுவிக்கும் மருந்தாகும். இதற்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்காக ஜேம்ஸ் எலிசன், தசுக்கு ஹோன்ஜோ ஆகியோர் 2018இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்விணைப்புக்கு முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஓர் எடுத்துக்காட்டு. 2015ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில், தமக்கு வந்த மெலனோமா எனும் புற்றுநோய் மூளையில் நான்கு இடங்களுக்குப் பரவியுள்ளதாக அவர் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 90. மூளைக்குக் கதிர்வீச்சும், உடல் முழுவதற்கும் பெம்புரோலிசுமாப் எனும் எதிர்ப்பாற்றல் மருந்தும் தரப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில், மூளையில் நோயின் அறிகுறி காணப்படவில்லை என்று அவர் தெரிவித்தார். 2024ஆம் ஆண்டு டிசம்பரில், 100ஆவது வயதில் அவர் காலமானார்.

இத்தகைய பலன் எல்லாருக்கும் கிட்டுவதில்லை. கதிர் பட்ட இடத்தில் வீக்கம் உண்டாகலாம். வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தை மிகுதியாகக் கொடுத்தால், எதிர்ப்பாற்றல் மருந்தின் பயன் குறையலாம். எனவே, எதை முதலில் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதை மருத்துவர்கள் பலர் கூடி முடிவு செய்கின்றனர்.

நம் ஜொகூர் மாநிலத்தில், ஜொகூர் பாருவில் உள்ள சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. மெர்சிங்கிலோ சிகாமட்டிலோ வாழும் நோயாளிக்கு அது நெடும் பயணம். உடன் செல்ல ஒருவர் தேவை. புற்றுநோயாளி ஒருவருக்குத் தீராத தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவை ஏற்பட்டால், காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ‘முடிந்துவிட்டது’ என்று நாமே தீர்ப்பளிக்காமல், ‘இன்னும் என்ன வழி உண்டு?’ என்று மருத்துவரைக் கேட்பதே நோயாளிக்கு நாம் செய்யும் பேருதவி.

கருத்துணர் கேள்விகள்

1. மூளையின் அரண் நன்மையும் இடையூறும் தருவது எவ்வாறு?
2. கதிர்வீச்சு மட்டும் போதாது என்பதற்கான காரணத்தை விளக்குக.
3. புற்றுநோயாளிக்குக் குடும்பத்தார் எவ்வாறு துணைநிற்கலாம்? உமது கருத்தை எழுதுக.