காயம்பட்ட தொழிலாளிக்கு வக்கீல் அவசியமா?

கேள்வி: கட்டுமான வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கை முறிந்த என் தம்பியிடம், சிங்கப்பூரின் தேக்கா பகுதியில் ஒருவர், நஷ்டஈட்டில் பங்கு தந்தால் வக்கீலிடம் அழைத்துச் செல்வதாகச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதிக்க வேண்டாம். இத்தகைய வழக்குகளில் வக்கீலே நஷ்டஈட்டில் பங்கு கேட்பது சிங்கப்பூரில் அத்தொழிலின் விதிகளுக்கே விரோதமானது. ஊரில் கடனை வைத்துவிட்டு வந்தவன் கை முறிந்து கிடக்கையில், அவனுடைய பயமே பிறருக்கு வியாபாரமாவதைக் காண மனம் பொறுக்கவில்லை.

2020 செப்டம்பர் முதல் அமலிலுள்ள வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டப்படி, முதலாளியின் குற்றத்தை நிரூபிக்காமலும், வக்கீலின் துணையில்லாமலும், விபத்து நடந்த ஓராண்டுக்குள் மனிதவள அமைச்சில் உங்கள் தம்பி கோரிக்கை வைக்கலாம் என்பதையும், சிகிச்சைச் செலவு, மருத்துவ விடுப்புச் சம்பளம், நிரந்தர ஊனத்திற்கான தொகை ஆகிய மூன்றும் அதில் அடங்கும் என்பதையும் முதலில் அறிய வேண்டும். ஆயினும் அத்தொகைக்கு உச்சவரம்பு உண்டு. முதலாளியின் அலட்சியம் தெளிவாகவும் காயம் கொடியதாகவும் இருந்தால் மூன்றாண்டுக்குள் நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் இரு வழியிலும் ஒருசேர நஷ்டஈடு பெற இயலாது.

எந்த வழி என்ற நிர்ணயத்திற்குத்தான் நல்ல வக்கீல் வேண்டும். கட்டணத்தை எழுத்தில் தருபவராகவும், தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் நம் தலையில் விழக்கூடும் என்பதை மறைக்காதவராகவும் இருப்பவரையே தேர்ந்தெடுங்கள். லிட்டில் இந்தியாவில் காயமுற்ற தொழிலாளருக்கு 2008 முதல் இலவச உணவளித்துவரும் 'டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ' அமைப்பிலும் ஆலோசனை கேட்கலாம். அதுவரை, புரியாத எந்தத் தாளிலும் தம்பி கையொப்பமிட வேண்டாம்.